கலரா, கர்ணமா?

…கலருதான் பெருசுன்னு ஒரு ஆளு, கர்ணந்தான் பெருசுன்னு இன்னொரு ஆளு, நடுவுல எம்மக கல்யாணம் நிக்கிதும்மா! செத்த தள்ளி உக்காரு. இந்த அட்டப்பெட்டிய மடியில வச்சு வச்சு காலு மரத்துப் போச்சு. ஆங்? என்ன சத்தமா? உள்ள புறா இருக்கு. பயப்படாத, கொத்தாது. அம்புட்டு வெனையும் இதாலதான். நீ ராமேஸ்வரந்தான போற? நான் தங்கச்சிமடம். பொறவென்ன, நேரம் கெடக்கு, கேளு.

எங்க வீட்டுக்காரக பாக்கரு. பேரச் சொல்றாளேன்னு பாக்காத, புறா வந்த பொறவு பேரச் சொல்லித்தான் ஏசுறது. சவுதியில ஏசி மெக்கானிக்கா இருந்துட்டு கீழக்கரைக்கு வந்த மனுசன், ஒரு கடகண்ணி வைப்பாகன்னு பாத்தா மொட்டமாடியில புறாக்கூட்ட வச்சாக. கர்ணப் புறா. பாத்திருக்கியா? ஒசக்க பறக்கும்… பறந்துகிட்டே இருக்கையில திடீர்னு பின்பக்கமா பல்டி அடிச்சு, பந்து கணக்கா உருண்டு உருண்டு கீழ வரும். நமக்கு ஈரக்கொல நடுங்கும். தரைக்கு வாரதுக்குள்ள சுதாரிச்சுக்கிட்டு மறுபடி மேல போயிரும். அதான் கர்ணம்.

ஆனா இவுக புறா கர்ணம் அடிக்காது. ஏன்னா இவுக கலரு பாத்து ஜோடி போடுறவுக. செவலைக்கு மஞ்ச, மஞ்சளுக்குக் கரும்புள்ளின்னு சேத்துச் சேத்து, கூட்டத் தொறந்தா ஜவுளிக்கட மாதிரி இருக்கும். மாஷா அல்லாஹ், அழகுக்குக் கொறச்சலில்ல. பறக்கத்தான் செய்யாது. மாடிக்குப் போகணும்னா படிப்படியா ஏறி நடந்து வருதும்மா! நான் துணி காயப்போடப் போறேன், முன்னால ஒரு புறா ஆடி அசஞ்சு போகுது, வழி விடாம. "ஏங்க, இது பறவையா, இல்ல மாடியில வாடகைக்கு வந்த ஆளா?"ன்னு கேட்டேன். "அழகா இருக்கிறது எதுக்குடி வேல செய்யணும்?"னாக. சொல்லிட்டு, துணி வாளியோட நின்ன என்னய ஒரு பார்வ பாத்தாக பாரு… அன்னைக்குச் சோறு வடிக்கலையே நான்!

பக்கத்து வீடு எங்க காக்கா வீடு. எங்கள்ல அண்ணன காக்காம்போம். ஹாஜா முகைதீன். அவரு கர்ணக் கட்சி. கலரக் கண்ணெடுத்துப் பாக்க மாட்டாரு. நல்லா உருளுற ஆணுக்கு நல்லா உருளுற பெட்ட, அம்புட்டுத்தான். குஞ்செல்லாம் சாக்குப்பை நெறம். ஆனா அடிக்கும் பாரு கர்ணம்… சிலது நிப்பாட்ட மறந்துரும்! ஒண்ணு தண்ணித் தொட்டியில விழுந்துச்சு. ஒண்ணு கேபிள்கார வீரபத்திரன் தலையில. அவன் இப்ப எங்க தெருவுக்கு நடந்து வந்தாலும் ஹெல்மெட்டோடதான் வாரான்.

அப்படி ஒண்ணு, மதுரையில புறா கண்காட்சிக்கு முந்துன நாளு, மேலருந்து உருண்டு வந்து நேரா எங்க வீட்டுக்காரக செவலை மேல விழுந்துச்சு. அல்ஹம்துலில்லாஹ், உசுருக்கு ஒண்ணுமில்ல. வாலு போச்சு. வாலில்லாத புறாவ எவன் பாப்பான்? "ஒங்க புறாவுக்குப் பிரேக்கு கெடையாதா மச்சான்?"னு இவுக கேக்க, "ஒங்க புறாவுக்கு றெக்க கெடையாதா, நவுந்து போக வேண்டியதான?"ன்னு அவரு கேக்க… முடிஞ்சுபோச்சு. பேச்சில்ல, மொறைக்க மட்டும் மாடிக்கு வருவாக, ரெண்டு பேரும்.

இதுல கொடும என்னான்னா, எம்மக தஸ்னீம காக்கா மகன் நவ்ஷாத்துக்குத்தான் பேசி வச்சிருக்கு. அவன் மஸ்கட்டுல இருக்கான். அவன் லீவுல வாரதுக்குள்ள இவுகளச் சேத்து வைக்கணுமே! ராத்திரி பகலா யோசிச்சேன். நாந்தாம்மா யோசிச்சேன், வேற யாரு இருக்கா அந்த வீட்ல யோசிக்க? ரெண்டு பேத்தையும் உக்கார வச்சுச் சொன்னேன்: "காக்கா, ஒங்க ஆணு, இவுக பெட்ட. ஜோடி போடுங்க. கலரும் வரும், கர்ணமும் வரும். புள்ளைகளுக்கு முன்னாடி புறாவுக்குச் சம்பந்தம் பண்ணிப் பாப்போம்."

ஒத்துக்கிட்டாக! ரெண்டு முட்டையில ஒண்ணு கூமுட்ட. இன்னொண்ணுல வந்துச்சு இது. பாரு, ஓட்ட வழியா பாரு… ஒடம்பு பூரா செம்பருத்திச் செவப்பு, றெக்க நுனி வெள்ள, கழுத்துல மயிலு மாதிரி மின்னுது. எங்க வீட்டுக்காரக அழுதுட்டாக. எங்க உம்மா மௌத்துக்குக் கூட அந்த மனுசன் அப்படி அழல.

நவ்ஷாத்தும் வந்தான். தேதி குறிக்கச் சொந்தக்காரவுகெல்லாம் கூடியாச்சு. குறிப்பாகளா? "மொதல்ல புறா பறக்கட்டும், பொறவு தேதி"ன்னாரு காக்கா. எல்லாரும் மாடிக்குப் போனோம். பட்டுச் சேல கட்டுன பொம்பளைக, கையில சர்பத்தோட, அண்ணாந்து நிக்கிறோம். காக்கா பிஸ்மி சொல்லித் தூக்கி எறிஞ்சாரு. செங்கல்லு மாதிரி வந்து மெத்தையில விழுந்துச்சும்மா! நல்லவேள, மெத்த காயப்போட்டிருந்தேன். கீழ கொண்டாந்து ஹால்ல விட்டோம். அப்பத்தான்… சுவத்தோரம் நின்ன புறா, கழுத்தப் பின்னால சாச்சுச்சு. ஒரு பல்டி. இன்னொரு பல்டி. தரையிலயேம்மா! டிவி கிட்டருந்து அடுப்படி வாசல் வரைக்கும் நிக்காம உருண்டு போயி, எந்திரிச்சு, எதுவும் நடக்காத மாதிரி நிக்கிது!

சரி, "ஒங்க ரத்தம், ஒங்க ரத்தம்"னு அடிச்சுக்கப் போறாகன்னு நான் சர்பத் கிளாசையெல்லாம் ஒளிச்சு வச்சேன். இல்ல. ரெண்டு பேரும் சப்பணம் போட்டுத் தரையில உக்காந்தாக. "மச்சான், ஒலகத்துல இப்படி ஒண்ணு உண்டுமா?"ன்னு இவுக கேக்க, "இல்ல மாப்ள, இல்ல"ன்னு அவரு இவுக தோள்ல கையப் போட்டாரு. அன்னைக்கு உக்காந்தவுகதான். எந்திரிக்கவே இல்ல.

சண்ட போட்டப்பவாவது வேளைக்குச் சாப்ட்டாகம்மா! இப்ப ஹால்ல யாரும் நடக்கக் கூடாது. ஃபேன் போடக் கூடாது. புறாவுக்குத் தல சுத்துமாம்! நாளெல்லாம் உருளுறதுக்குச் சுத்தாத தல, ஃபேனுக்குச் சுத்துமாம். நிக்காஹ்வுக்கு வாங்குன கார்ப்பெட்ட விரிச்சு உருள விட்டுப் பாக்குறாக. டைல்ஸா, கார்ப்பெட்டா, கோரப்பாயான்னு ஆராய்ச்சி. கடலாடி, முதுகுளத்தூருன்னு எங்கெங்கருந்தோ வேன் புடிச்சுப் பாக்க வாரான், எல்லாருக்கும் டீ போடுறது யாரு? தேதியக் கேட்டா, "வீட்ல கூட்டம் கூடுனா புறா மிரண்டுரும், அடுத்த லீவுக்குப் பாப்போம்"ங்கிறாக! எம்மக என்ன செஞ்சா? மருதாணி வாங்கி வச்சிருந்தத எடுத்துக் குப்பையில போட்டா. அதப் பாத்தப்பத்தான் இந்த அட்டப்பெட்டியத் தேடி எடுத்தேன்.

அதான் ரெண்டு பேரும் தொழுகைக்குப் போன நேரத்துல தூக்கிட்டு வந்துட்டேன். தங்கச்சிமடத்துல எங்க லாத்தா வீட்ல, அதான் அக்கா வீட்ல, கெடக்கட்டும், நிக்காஹ் முடியட்டும்… ஏன் சிரிக்கிற? நம்பலையா? தரையில உருளுமான்னு சந்தேகமா? இந்தா, பஸ்ஸுல விடுறேன் பாரு. ம்ம்… போ… பாத்தியா, பாத்தியா! ஏ காலத் தூக்குங்கப்பா! தம்பி, மிதிச்சிராத! கண்டக்டரே, புடிங்க… புடிச்சிட்டாரு. குடுங்க தம்பி. என்னது, இதுக்கு டிக்கெட்டா? உருண்டு வாரதுக்கெல்லாம் டிக்கெட் கெடையாது, போங்க.

இரு, போனு அடிக்கிது. அவுகதான். யா அல்லாஹ்! இந்தா, பெட்டிய நீ செத்த புடி.

அலோ… சொல்லுங்க… புறாவக் காணுமா? எனக்கென்னங்க தெரியும்? நான் லாத்தா வீட்டுக்குப் போயிக்கிட்டு இருக்கேன்… காக்கா அழுறாரா? நீங்களுமா?… என்னது? திருப்பிச் சொல்லுங்க. வீடு வெறிச்சுன்னு இருக்கா… அதனால? இந்த வெள்ளிக்கெழமையே நிக்காஹ்வா? மெய்யாலுமா? தஸ்னீம்கிட்டச் சொல்லிட்டீகளா? சிரிக்கிறாளா? அல்ஹம்துலில்லாஹ்! அல்ஹம்துலில்லாஹ்! வைங்க, இப்பவே திரும்பி வாரேன்!

கேட்டியாம்மா, வெள்ளிக்கெழம… ஏ புள்ள? எங்க போனா? தம்பி, இங்கன உக்காந்திருந்த புள்ள எங்க? மண்டபத்துல எறங்கிட்டாளா? ராமேஸ்வரத்துக்குல்ல டிக்கெட் எடுத்தா! பெட்டி? எம் பெட்டி? அடியே! அந்தா, அந்தா போறா! நிப்பாட்டுங்க கண்டக்டரே… வேணாம், வேணாம், போங்க. போகட்டும். புறா வீட்டுக்கு வந்தா வெள்ளிக்கெழம போயிரும்.

இந்த ஜன்னலத் தூக்குங்க தம்பி, சீக்கிரம்… ஏ புள்ளேய்! கம்பு குடு! கோதும குடுக்காத, வகுத்துக்கு ஆகாது! டைல்ஸ்ல விட்றாத, கழுத்து சுளுக்கிக்கிரும்! கோரப்பாயில விடு, கோரப்பாயில!