குமர்க் காரியமும் குறுகிப்போன ஒழுங்கையும்

பட்டின சபையின் தலைவரும் இக்கூட்டத்தின் தலைவருமான அல்ஹாஜ் சரீப் அவர்களே, கண்ணியத்துக்குரிய உலமாக்களே, கடலோடும் வயலோடும் காலந்தள்ளும் என் ஊரவர்களே, ஓலைத் தட்டிக்கு அப்பால் அமர்ந்து, இவன் எங்கே பிழையாகக் கதைப்பான் என்று காதைத் தீட்டியிருக்கும் தாய்மார்களே, அனைவர்க்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

சூறாவளி நம் கூரைகளைக் கொண்டுபோனது. கூரைகளை மீட்டோம், வீடுகளுக்கிடையே நடந்துபோகும் ஒழுங்கைகளைத் தொலைத்தோம்! காற்றா அவற்றைக் களவெடுத்தது? கடலா கரைத்தது? மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைக்கும் ஊர் இது. வளவோ ஒன்று, மகள்மாரோ நாலு பேர். வளவு நீளாது, ஆகவே சுவர் ஒழுங்கைக்குள் நீளுகிறது.

சபை என்ன செய்கிறது? கட்டட வேலைகளைப் பார்வையிடும் ஓவசியர் வருகிறார். வீதியின் எல்லைக்கோட்டைத் தாண்டிய சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறார். வீட்டுக்காரர் மெல்லச் சொல்கிறார்: “குமர்க் காரியம், சேர்.” முடிந்தது கதை! மகளைக் கரைசேர்க்கும் காரியம் என்றால் எவர் குறுக்கே நிற்பார்? ஓவசியர் வீட்டிலும் குமர் உண்டு. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். மாப்பிள்ளை குடிவந்த பிறகு சபை கூடுகிறது. இனி உடைப்பது பாவம் என்று தீர்மானிக்கிறது. தடுக்க வேண்டிய நேரத்தில் தயக்கம், தடுக்க முடியாத நேரத்தில் இரக்கம். இதுவா நிருவாகம்?

யாரங்கே, என் வீட்டுக் கதையைச் சொல்லச் சொல்வது? ஓம் மசூர், அதற்குத்தான் மேடை ஏறினேன்.

போன மாரியில், நிறைமாதமாயிருந்த என் மகள் றாபியாவுக்கு வயிற்றுக்குத்து எடுத்தது. கார் ஒழுங்கை வாசலிலேயே நின்றுவிட்டது. கதிரையில் இருத்தித் தூக்கினோம். வளைவில் கதிரை சுவரோடு இறுகியது. திருப்பினோம், சரித்தோம், கடைசியில் வேலியைப் பிடுங்கி அடுத்த வளவால் கொண்டுபோனோம். தாயை அல்லாஹ் தந்தான். பிள்ளையைத் தரவில்லை.

இப்போது அவள் மறுபடியும் நிறைமாதம். வேலி பிடுங்கிய அந்த வளவில், அச்சிமுகம்மது காக்கா தன் மகள் உம்முவுக்கு வீடு கட்டுகிறார். கட்டட்டும், நானும் துஆச் செய்கிறேன். ஆனால் குசினிச் சுவர் கோட்டைத் தாண்டி ஒழுங்கைக்குள் நிற்கிறது. நோட்டீஸும் ஒட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை கூரை ஏறுகிறது. கூரை ஏறினால் சபை கைவைக்காது என்பது உங்களுக்கும் தெரியும், மேசனுக்கும் தெரியும். எனக்குப் பயமாயிருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயமாயிருக்கிறது.

நேற்றுக் காக்காவிடம் போய்க் கேட்டேன். அவரும் அதையே சொன்னார்: “குமர்க் காரியம், தம்பி.”

காக்கா, முன்வரிசையில் இருக்கிறீர்கள், கேளுங்கள். நாளை உம்முவும் தாயாவாள், இன்ஷா அல்லாஹ். அவளை எந்த வழியால் தூக்குவோம்? கதிரையின் ஒரு பக்கம் நீங்கள் பிடிப்பீர்கள். மறுபக்கம் நான்தான் பிடிப்பேன், வேறு யார் வருவார்? நடுவில் உங்கள் மகள் துடிப்பாள். நீங்கள் கட்டிய சுவர் விலகி வழிவிடுமா?

தலைவர் அவர்களே, கூரை ஏறுமுன் ஓவசியரை அனுப்புங்கள். அந்தச் சுவரை இறக்குவதும் குமர்க் காரியம்தான்.

பொறுமையோடு செவிதந்த உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எங்கள் ஒழுங்கையால் திரும்புகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள்; அகலம் அவ்வளவுதான். வஸ்ஸலாம்.