தினகரன் காரின் ஷாஃப்டில் நான் அழித்த மஞ்சள் குறி

என் பெயர் சவுரிமுத்து. தகப்பனார் பெயர் அந்தோணிசாமி, காலமாகிவிட்டார். வயது 56. படிப்பு பத்தாம் வகுப்பு வரை. அதில் கணக்குப் பரீட்சையை இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் அது என்னை விடவில்லை. முடிச்சூர், பாரதி நகர், மூன்றாவது குறுக்குத் தெரு, கதவு எண் 14-இல் மனைவி கன்னியம்மா, மகள் சத்யபிரியா (வயது 27) ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். வீட்டின் முன்பக்கமே பட்டறை. இருபத்தாறு வருடமாக வண்டிகளின் புரொப்பல்லர் ஷாஃப்ட் வேலை மட்டும் செய்து வருகிறேன். அது கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளமான இரும்புக் குழாய். லாரி, வேன் போக, பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஷாஃப்டை, தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கித் தரும் வேலையும் ஆறு வருடமாகச் செய்கிறோம். இந்த இரண்டாவது வேலை என் மகள் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துப் பட்டறைக்கு வந்த பிறகுதான் வர ஆரம்பித்தது. அதற்கு முன் அப்படிப்பட்ட கார்களை நான் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் டிப்ளமா தேறியதும் மேற்கு தாம்பரத்தில் ஒரு கடையில் 'ச. சத்யபிரியா, டி.எம்.இ.' என்று ரப்பர் முத்திரை ஒன்று செய்து வாங்கினேன். ஷாஃப்ட் அதிராமல் சுற்றுகிறதா என்று பேலன்ஸ் பார்த்துக் கொடுக்கும் சோதனைச் சீட்டில் அந்த முத்திரைதான் விழும். முதல் வாரம் மளிகை லிஸ்டில்கூட அதைக் குத்திக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

பட்டறையில் ஒரு நடைமுறை உண்டு. சோதனையில் தேறாத ஷாஃப்டின் மேல் மஞ்சள் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவோம். குறியைப் போட்டவர்தான் அதை அழிக்க வேண்டும், மற்றவர் கை வைக்கக்கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். சுவரிலும் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கடந்த 2024 நவம்பர் மாதம், பெருங்களத்தூரைச் சேர்ந்த தினகரன் என்பவர் தம்முடைய 1964-ஆம் வருடத்து இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரின் ஷாஃப்டைக் கழற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 2015 வெள்ளத்தில் அந்தக் கார், அப்போது அவர் குடியிருந்த முடிச்சூர் வீட்டில் நான்கு நாள் தண்ணீருக்குள் நின்றதாகச் சொன்னார். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் பழைய கார்களின் கண்காட்சி இருப்பதாகவும், அதில் நடுவர்கள் வண்டிக்கு அடியில் படுத்துக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள் என்றும், குழாயில் தொழிற்சாலை அடித்த எண் இருந்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். அதன் பிறகு என் தோளில் கை போட்டு, "சவுரி அண்ணா, ஷாஃப்டுக்கு டாக்டர்னா மெட்ராஸ்லயே நீங்க ஒருத்தர்தான். வண்டி பக்கத்துல போர்டு வெப்பேன், அதுல உங்க பேரு இருக்கும்" என்றார். நான் அன்று இரவு மனைவியிடம் இதை மூன்று முறை சொன்னேன்.

அதன் பிறகு ஷாஃப்டின் முனைகள் மடங்கித் திரும்ப உதவும் ஜாயிண்ட் கிராஸ்களை மாற்றி, பழைய கிரீஸை எடுத்து, துருவைச் சுரண்டி வேலை நடந்தது. 08.01.2025 அன்று என் மகள் குழாயில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவிப் பார்த்தாள். கீறல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் பொடியில் கசிந்து கோடாகத் தெரியும். முன்பக்க வெல்டை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு ஈரக்கோடு எழுந்தது. குழாய் உள்ளிருந்து துருப்பிடித்து மெலிந்திருந்தது. அவள் என்னைக் கூப்பிட்டு, "இத ஷோகேஸ்ல வெக்கலாம்பா, ரோட்ல சுத்த விடக்கூடாது" என்றாள். நான், "சின்ன கோடுதானம்மா, எனக்கே இந்த வயசுல உடம்பெல்லாம் கோடுதான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. புதுக் குழாய் போட்ட ஷாஃப்ட் ஒன்று ஓட்டுவதற்குச் செய்து தரலாம், பழையதைக் கண்காட்சி அன்று மட்டும் மாட்டிக்கொண்டு காரை லாரியில் ஏற்றிப் போகட்டும், இதை அவரிடம் சொல்லுங்கள் என்றாள். சரி என்றேன். அவள் ஷாஃப்டில் மஞ்சள் குறி போட்டு மூலையில் சாய்த்து வைத்தாள்.

நான் தினகரனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவர் பிடிவாதக்காரர் அல்ல. டாக்டரால் முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் காரணம். வேறு காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

11.01.2025 சனிக்கிழமை, கீழ்க்கட்டளையில் என் மச்சினி மகள் ஜென்சியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். மனைவியும் மகளும் காலையிலேயே போய்விட்டார்கள். வேலை இருக்கிறது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று நான் பின்தங்கினேன். அவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள் என்று தெரிந்ததும் ஈரத் துணியால் மஞ்சள் குறியை அழித்தேன். அதன் பிறகு கீறல் இருந்த இடத்தில் மெல்லிசாகப் பட்டி பூசி, உப்புத் தாள் போட்டுத் தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, போட்டோவைப் பார்த்துத் தொழிற்சாலையில் போடும் மஞ்சள் பட்டையும் பச்சைப் பட்டையும் போட்டேன். எட்டு வருடம் முன்பு வாங்கிய மூக்குக் கண்ணாடியைப் போடவில்லை. அதைப் போட்டால் வயதாகத் தெரிகிறது என்று எப்போதும் போடுவதில்லை. பெயிண்ட் காய்ந்த பிறகு பேலன்ஸ் மெஷினில் ஏற்றினேன். கொஞ்சமும் அதிராமல் சுற்றியது. பேலன்ஸ் சரியாக இருப்பதும் குழாய் உறுதியாக இருப்பதும் வேறு வேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சோதனைச் சீட்டில் என் மகளின் முத்திரையைக் குத்தினேன். மத்தியானம் தினகரன் வந்து பார்த்துவிட்டு, "புதுசா பொறந்த மாதிரி கீது அண்ணா" என்று என்னைக் கட்டிப் பிடித்தார். அதன் பிறகு நான் கீழ்க்கட்டளை போய் பிரியாணி சாப்பிட்டேன்.

மறுநாள் மகள் மூலையைப் பார்த்து, "அந்த ஷாஃப்ட் எங்கப்பா?" என்றாள். நீ சொன்ன மாதிரியே சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

19.01.2025 காலை சுமார் 6.40 மணிக்கு, தினகரன் தம் மகன் ஹரிபிரசாத்துடன் மேற்படி காரில் கண்காட்சிக்குப் போகும்போது, வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் ஷாஃப்ட் முன்பக்கம் உடைந்தது. அந்தக் காரில் ஷாஃப்ட் இரண்டு சீட்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. உடைந்த குழாய் சுழன்ற வேகத்தில் தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து தினகரனின் இடது காலில் அடித்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. அது கிளட்ச் மிதிக்கிற கால். நடந்துவிடுவார், இனிமேல் இந்த மாதிரி வண்டி ஓட்டுவது சந்தேகம்தான் என்று டாக்டர் சொன்னதாக அறிந்தேன். மகனுக்குக் காயமில்லை. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தினகரன் என்னைப் பார்த்துச் சிரித்து, "பெயிண்ட் மட்டும் கொஞ்சம்கூட உரியல அண்ணா, பாத்தேன்" என்றார். நான் கொண்டுபோன சாத்துக்குடியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஹரிபிரசாத் கொடுத்த புகாரின் பேரில், சோதனைச் சீட்டில் இருந்த முத்திரையை வைத்து, என் மகளின் பெயர் வழக்கில் சேர்க்கப்பட்டது. 20.01.2025 அன்று அவளைக் காவல் நிலையத்துக்கு அழைத்து விசாரித்தபோது நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அவள், "முத்திரை என்னோடதுதான் சார்" என்று மட்டும் சொன்னது கதவு வழியாகக் கேட்டது. வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாளாகப் பட்டறையில் சுவரில் எழுதியிருக்கும் சட்டத்தின் கீழேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

எனவே இன்று 22.01.2025 காலை யாரும் அழைக்காமல் நானாகவே வந்து, ஆய்வாளர் அவர்களிடம், உடைந்த குழாயின் விளிம்பில் தின்னர் போட்டுத் துடைத்துப் பாருங்கள், புதிதாக உடைந்த இடம் பளபளப்பாகவும், பழைய கீறல் இருந்த இடம் என் பட்டி ஏறிக் கறுப்பாகவும் இருக்கும், அதிலிருந்தே கீறலை மறைத்திருப்பது தெரியும், மறைத்தவன் நான்தான் என்று சொன்னேன். அவர் என் முன்னாலேயே துடைத்தார். நான் சொன்னபடியே இருந்தது. கூடவே நான் சொல்லாத ஒன்றும் இருந்தது. கறுத்த பகுதியின் இரண்டு முனையிலும் பஞ்ச் உளியால் தட்டிய புள்ளி ஒவ்வொன்று, பட்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. இது என்ன என்று ஆய்வாளர் கேட்டார். கீறல் நீளுகிறதா என்று பார்க்க, அது முடியும் இடத்தில் புள்ளி வைப்பார்கள், டிப்ளமாவில் சொல்லித் தருவது, எனக்குப் பொறுமை இல்லாததால் நான் வைப்பதில்லை, இது என் மகள் வைத்தது, கண்ணாடி போடாததால் அன்று என் கண்ணில் படவில்லை என்று சொன்னேன். சாக்பீஸ் அழியும் என்பதால்தான் அவள் உளியால் வைத்திருக்கிறாள். பட்டறையில் அவளைத் தவிர சாக்பீஸை அழிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான்.

மேற்படி ரப்பர் முத்திரையை இத்துடன் ஒப்படைக்கிறேன். வழக்கு முடிந்து திருப்பித் தருவதானால் அதை அவள் கையில் மட்டும் கொடுக்கவும், நான் வந்து கேட்டாலும் தர வேண்டாம்.

எழுதியதை ஆய்வாளர் படித்துக் காட்டினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் ஒரு முறை படித்தேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டியதும் குறைத்ததும் இல்லை, அத்தனையும் உண்மை, யாருடைய கட்டாயமும் இல்லை.

(ஒப்பம்) சவுரிமுத்து