தங்கையின் நோட்டு

எனக்குக் கையெழுத்து அழகாக வரும். அதனால்தான் தங்கையின் நோட்டை எழுதும் பொறுப்பை டாக்டர் என்னிடம் விட்டார். எத்தனை மணி நேரம் தூங்கினாள், எவ்வளவு பேசினாள், எதற்கு அழுதாள், எல்லாம் தினமும் எழுத வேண்டும். அவளுக்கு இருமுனைக் கோளாறு. சில வாரம் கால் தரையில் படாது. பிறகு மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழமாட்டாள். மறுபடி அந்த உச்சத்துக்கு ஏறப்போகிறாள் என்பதை நடையை வைத்தே சொல்லிவிடுவேன்.

மாத்திரை ஒழுங்காகப் போனதால் நாலு வருடம் ஒரு குறையுமில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போனாள். அங்கே லென்ஸ் தேய்க்கிறவர் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றார். நோயைப் பற்றி அவளே சொல்லியிருக்கிறாள். "மாத்திரைதானே, நான் எடுத்துக் குடுக்கிறேன்" என்றாராம்.

பதினோரு வருடம் எடுத்துக் கொடுத்தவள் நான்.

அந்த வாரம் குளிக்கும்போது பாடினாள். பச்சையில் ஒரு கைப்பை வாங்கினாள். உள்ளது உள்ளபடி எழுதினேன். டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். "சந்தோஷமா இருக்காம்மா. அது வியாதியில்லையே."

அவருக்கு வேலை அதிகம், கவனிக்க நேரமில்லை. ஆகவே மாத்திரை டப்பாவில் அதே மாதிரி வெள்ளையாக இருக்கிற சத்து மாத்திரையைப் போட்டு வைத்தேன். இன்ஸ்பெக்டர் சார், உங்கள் மேசைமேல் இருப்பது அந்த டப்பாதான். பதினெட்டாம் நாள் அவள் நடை மாறியது. நோட்டில் 'நன்றாக இருக்கிறாள்' என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த லென்ஸ்காரரையும் அவர் அம்மாவையும் வீட்டுக்கு அழைத்தேன்.

தங்கை மூச்சு விடாமல் இரண்டு மணி நேரம் பேசினாள். கடையையே வாங்கப்போவதாகச் சொன்னாள். கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்த அவரைக் கன்னத்தில் அறைந்தாள். அந்த அம்மா செருப்பை மாட்டக்கூட நிற்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டே படியிறங்கினார். மகனும் பின்னாலேயே போனார். நான் காப்பித் தம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்தேன்.

ஆறு வாரம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தபோது பேச்சே இல்லை. மாத்திரையைச் சரியாகத்தான் கொடுக்கிறேன், நீங்கள் எண்ணிப் பார்க்கலாம். சோறு ஊட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன்.

நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே பேசினாள். "அக்கா, இனிமே நான் சிரிச்சா உடனே டாக்டர்கிட்ட சொல்லிடு. எனக்கு என்னைப் பாத்தாலே பயமா இருக்கு."

சொல்கிறேன் என்றேன். பாருங்கள், எவ்வளவு தெளிந்துவிட்டாள்.