விளக்கு எரியுதா?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் பீஸ்லி ஐயா அவர்களே, வெள்ளைத் தொப்பியோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் சபைத் தாய்மார்களே, கீழ்த்தளத்தில் மீன் பொரித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்து நிற்கும் பெரியம்மாக்களே, ஆற்றைக் கடந்து ஆர்கன்சாவிலிருந்து வந்திருக்கும் அன்பர்களே, என் முதுகுக்குப் பின்னால் இசைக்கருவிகளோடு நிற்கும் மாமாமார் மூவரே, உங்கள் அனைவருக்கும் மேக்சினின் மகள் டெஸ்ஸாவின் வணக்கம்.

வரவேற்புரை மட்டும் சொல்லச் சொன்னார்கள். வரவேற்கத்தான் வந்திருக்கிறேன். யாரை என்பதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த மெம்பிஸ் நகரில் ‘லெவி லாம்ப்ஸ்’ என்ற எங்கள் குடும்ப இசைக்குழுவின் பாட்டு நுழையாத தெரு உண்டா? முடிதிருத்தும் கடையில் அந்தப் பாட்டு. மதுக்கடையில் அந்தப் பாட்டு. ஞாயிறன்று அதைப் பாவம் என்று பழித்துவிட்டுத் திங்களன்று பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்தவர்கள் இந்த அவையில் இல்லையா? சகோதரி ஓபல், உங்களைச் சொல்லவில்லை. நீங்களாகவே சிரித்தால் நான் என்ன செய்வேன்?

ரூஃபஸ் மாமா கிடார். லூஷியஸ் மாமா ஆர்கன். கிளியோஃபஸ் மாமா டிரம்ஸ். என் அம்மா குரல். பாட்டுக்குள் ரூஃபஸ் மாமா கேட்பார்: “வீட்டுல விளக்கு எரியுதா?” அம்மா பதில் பாடுவார்: “எரியுது, வா.” ஊரைவிட்டுப் பிழைக்கப்போன ஒவ்வொருவரும் அதைத் தன் கேள்வியாக எண்ணினார். அந்தக் கேள்வியும் பதிலும் குழுவைச் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் தூக்கிச் சென்றன.

டெட்ராய்ட்டில்தான் முறிந்தது. மேடைக்குப் பின்னறையில் அம்மா கேட்டாராம்:

“ரூஃபஸ், இன்னைக்கு ஒரு நாள் நான் கேக்குறேன். நீ பதில் சொல்லு.”

“கேக்குறது நான். பதில் சொல்றது நீ. பாட்டு அப்படித்தான்.”

“பாட்ட எழுதுனதே நான்டா.”

“எழுதிட்டா என்ன? போ, போய் முகத்துக்குப் பவுடர் போடு. கூட்டம் காத்திருக்கு.”

கிளியோஃபஸ் மாமா சமாதானம் பேசினாராம்: “ரெண்டு பேரும் கேளுங்கப்பா, பதில நான் தட்டிக்கிறேன்.” யாரும் சிரிக்கவில்லை. அம்மா மேலங்கியை எடுத்துக்கொண்டு நடந்தார். குழு உடைந்தது. பிறகு தொண்டையில் வந்த நோய் முதலில் அவர் பாட்டைக் கொண்டுபோனது, அப்புறம் அவரை. அந்தக் கேள்வியை ஒருமுறைகூடப் பாடாமலே போனார். கல்லறையருகே மூன்று மாமாக்களும் பேசிக்கொண்டார்கள். மீண்டும் சேர்ந்தார்கள். இன்று உங்கள் முன் வாசிக்கப்போகிறார்கள்.

இனி நான் சொல்வதைப் பொறுமையோடு கேளுங்கள். போன சனிக்கிழமை, பட்டப்பகல், இதே கூடத்தில் ஒத்திகை. நான் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். லூஷியஸ் மாமா ஜன்னலோரம் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ஆர்கனோடு இருக்கும் அந்தச் சுழலும் ஒலிபெருக்கிப் பெட்டி மெல்லச் சுழலத் தொடங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “வீட்டுல விளக்கு எரியுதா?”

“லூஷியஸ், பெட்டிய நிறுத்துடா,” என்றார் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த ரூஃபஸ் மாமா.

“நான் இன்னும் சுவிட்சே போடல.”

ரூஃபஸ் மாமா கிடாரைத் தரையில் வைத்தார். குரல் மறுபடி கேட்டது. அது யார் குரல் என்று எனக்கா தெரியாது? ஒருவரும் பதில் பாடவில்லை, நானும்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாயில் கேட்கிறது. வானொலி நிலையம் மாற்றும் இடைவெளியில் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் களைத்துக் கேட்கிறது. ஒருநாள் கேட்காமலே போய்விடும். அந்த நாளுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

“இன்னைக்கு அந்தப் பாட்டு வேணாம், பாப்பா. பதில் சொன்னா என்ன வரும்னு யாருக்குத் தெரியும்?” என்கிறார் ரூஃபஸ் மாமா.

எனக்கும் தெரியாது, மாமா. ஆனால் இந்தச் சபையில் போதகர் ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்தினால் நாம் ஆமென் சொல்லாமல் விட்டதுண்டா? ஒரு தாய் துயரத்தில் முனகினால் கூடவே முனகாமல் இருந்ததுண்டா? அந்நியர் கேட்டாலும் பதில் தரும் நாம், வாசலில் நின்று கேட்கும் நம் மேக்சினை மட்டும் இருட்டில் விடுவோமா? விடுவோமா, தாய்மார்களே?

‘விடமாட்டோம்’ என்றீர்கள், கேட்டது. இன்னும் கொஞ்சம் பலமாகச் சொல்லுங்கள்.

அப்படியானால் இன்று ரூஃபஸ் மாமா கேள்வியைப் பாட வேண்டாம். அந்த இடத்தை வெறுமையாக விடட்டும். கேள்வி வந்தால் நாம் எல்லோரும் பதில் பாடுவோம். முதல் ஆளாக மாமா பாடட்டும். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கும் பயம்தான். வந்துவிட்டால் என்ன செய்வது என்கிறீர்களா? முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறேன்.

லூஷியஸ் மாமா, பெட்டி சுழல்கிறது. சுவிட்ச் போட்டீர்களா?

இல்லையா. சரி.

எழுந்து நில்லுங்கள், அன்பர்களே. இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. உள்ளே இருப்பவர்களுக்கும் வாசலில் நிற்பவருக்கும் வணக்கம். அதோ, கேள்வி வந்துவிட்டது; ரூஃபஸ் மாமா, தொடங்குங்கள்.

எரியுது. வாம்மா.