தொட்டி தெரியவில்லை

இந்த வயதிலும் எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டதில்லை, ஐயா. மலைமேல் இருக்கிற அந்தச் சின்ன விமானத் தளத்தில் வேலை கிடைத்ததே என் கண்ணை நம்பித்தான்.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. என் அறை ஜன்னலுக்கு எதிரே, மலைமுகட்டில், வெள்ளையடித்த ஒரு தண்ணீர்த் தொட்டி. வாடகை விமானம் பக்கத்தில் வந்ததும் விமானி ரேடியோவில் கேட்பார், "தொட்டி தெரியுதா?" தெரிகிறது என்றால் இறங்கலாம். தெரியவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும். மேலிருந்து பார்ப்பவருக்கு வெறும் மேகம்தான். அதற்கடியில் தெளிவா, மூட்டமா என்பது எனக்குத்தான் தெரியும்.

விமானி வேறு யாருமில்லை, என் தங்கையின் கணவர். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவே இல்லை. அப்பா அம்மா போனபிறகு தங்கைக்குத் தலைவாரிவிட்டு வளர்த்தவன் நான். கல்யாணத்துக்குப் பிறகும் மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள், "அண்ணா, அவருக்கு நகரத்துல வேலை கிடைச்சிருக்கு. மழைக்காலம் முடிஞ்சதும் கிளம்பிடுவோம்." தட்டிலேயே கையைக் கழுவினேன். நல்லது என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு, தொட்டி பளிச்சென்று நிற்கிற நாட்களிலும், "தெரியல மாப்பிள்ளை, ஒரே மூடுபனி" என்று சொல்ல ஆரம்பித்தேன். முதலில் பாவம், சொன்ன சொல் தட்டாமல் திரும்பினார். அப்புறம் சந்தேகம் வந்து, பார்க்கலாமே என்று ஒருமுறை இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கண்ணனுக்குக் கண்ணுல பூ விழுந்துடுச்சு." நானும் சேர்ந்து சிரித்தேன். மேலிடத்தில் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதை மட்டும் விட்டுவிட்டார்.

அன்றைக்கு மூடுபனி நிஜமாகவே வந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் கை தெரியவில்லை. அவரோடு சர்வேயர்கள் மூன்று பேர் வந்தார்கள்; முகம்கூட எனக்குத் தெரியாது. அதில் எனக்கு வருத்தம்தான்.

"தொட்டி தெரியுதா, மச்சான்?" கேட்கும்போதே சிரிப்பு.

"தெரியல மாப்பிள்ளை. திரும்பிடுங்க."

"சரி சரி, கண்ணைத் துடைச்சுக்குங்க. வரேன்."

எஞ்சின் சத்தம் முகட்டுப் பக்கம் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

ரேடியோப் பேச்சைப் பதிகிற நாடாவில் பழைய பதிவுகளின்மேல் புதியவை ஏறிவிடும். விபத்தை விசாரிக்க வந்த உங்களிடம் இருந்தது அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான். அதைக் கேட்டுவிட்டு, தோளில் தட்டி என்னை அனுப்பிவைத்தீர்கள். ஆனால் தங்கைக்கு அந்தச் சிரிப்பெல்லாம் ஞாபகம் இருந்தது. "அண்ணா, உனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியும்? அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நகரத்துக்கென்று கட்டி வைத்திருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதனால்தான் நானாகவே வந்தேன். என் சொல்லை அவர் நம்பாமல் போகவேண்டும் என்று வேண்டுமென்றேதான் செய்தேன், நான்கு பேரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் நீங்கள் அவளிடம் சொல்லவேண்டும், உங்கள் பேச்சை நம்புவாள்: அன்றைக்கு அண்ணன் பொய் சொல்லவில்லை. அதைக் கேட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். வளர்த்தவனுக்குத் தெரியாதா?