முதல் பேரு யாரோடது

— யாரைக் கேட்டு அனுப்பின?

— டூட்டில நான்தான் மாமா இருந்தேன். அலாரம் அடிச்சுது, பார்த்தேன், எல்லா டெலஸ்கோப்காரங்களுக்கும் அறிவிப்பு அனுப்பிட்டேன்.

— இங்க நான் மாமா இல்ல. சார். எத்தனை தடவை சொல்றது? என் பையனைக் கட்டிக்கிட்டா இந்தக் கன்ட்ரோல் ரூமும் உனக்கு மாமியார் வீடாயிடுமா?

— சரிங்க சார். வானத்துல எங்கேயோ ஒரு காமா கதிர் வெடிப்பு சார். ஒரு நொடிகூட நிக்கல, சட்டுனு வந்து சட்டுனு போயிடுச்சு. இந்த மாதிரி குட்டி வெடிப்பைப் பிடிக்கத்தானே சாட்டிலைட்டை மேல அனுப்பி வச்சிருக்கோம்?

— வெடிப்பாம் வெடிப்பு! சாட்டிலைட்ல இருக்கிற ரெண்டு டிடெக்டர்ல ஒண்ணுதானே பார்த்திருக்கு? ஏதோ ஒரு துகள் வந்து அதுல இடிச்சிருக்கு, அவ்வளவுதான். நிஜ வெடிப்புன்னா ரெண்டுலயும் தெரியணும்.

— ரெண்டாவது தூங்குது சார். தூங்க வச்சதே நீங்கதான். நாளைக்குப் பெரிய அதிகாரிங்க வர்றாங்க, இது சும்மா சும்மா கத்தி மானத்தை வாங்குதுன்னு நேத்து ஆஃப் பண்ணச் சொன்னீங்க.

— ஓஹோ, என் மேலயே திருப்புறியா?

— மூடின கண்ணு ஏன் பார்க்கலைன்னு கேட்டா நான் என்ன சார் பண்றது? துகள் இடிச்சா கிராஃப்ல ஒரே முள்ளு மாதிரி நிக்கும். இது மூணு தடவை ஏறி இறங்கியிருக்கு. இதோ திரையிலயே இருக்கு, பாருங்களேன்.

— நான் பார்க்க வேண்டியதில்ல. உன் பேச்சை நம்பி அங்கங்க டெலஸ்கோப்பெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சா காறித் துப்புவாங்க. அறிவிப்புல முதல் பேரு யாரோடது?

— உங்களோடது. இங்கிருந்து எது போனாலும் முதல்ல உங்க பேருதான்னு நீங்க வச்ச சட்டம்.

— உடனே வாபஸ் வாங்கு.

— வேண்டாம் சார், கெஞ்சிக் கேக்கறேன். வெடிச்ச இடத்துல மிச்சம் இருக்கிற வெளிச்சம் சீக்கிரம் மங்கிடும். டெலஸ்கோப்பெல்லாம் திரும்பிப் போயிட்டா எங்க வெடிச்சுதுன்னே தெரியாமப் போயிடும். கல்யாணத்துக்கு முந்தியிலிருந்து இந்த ஒண்ணுக்காகத்தான் சார் காத்துக்கிட்டு இருக்கேன்.

— உன் காத்திருப்பை வீட்ல வச்சுக்கோ. வேலை வேணுமா, வேணாமா? டைப் பண்ணு.

— சொல்லுங்க.

— ‘இது வெடிப்பு இல்லை. டூட்டியில் இருந்தவர் என்னைக் கேட்காமல், தானே முடிவெடுத்து அனுப்பியது. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.’ ‘டூட்டியில் இருந்தவர்’ங்கிற இடத்துல உன் பேரைப் போடு, கீழ என் கையெழுத்து.

— ‘எந்தப் பங்கும் இல்லை’ன்னு அப்படியே போடட்டுமா? போனா போனதுதான் சார், திரும்ப எடுக்க முடியாது.

— அப்படியே! ஒரு எழுத்து மாறக் கூடாது.

— போயிடுச்சு.

— நாளையிலிருந்து நீ இந்தப் பக்கமே வராத. அந்த போன் ஏன் கத்திக்கிட்டே இருக்கு? எடுத்துத் தொலை.

— ஹலோ... ஆமாங்க, நான்தான்... என்னது? நிஜமாவா? ...நன்றிங்க. ரொம்ப நன்றி.

— யாரு? எதுக்கு இப்ப அழற?

— மலை மேல இருக்கிற டெலஸ்கோப்காரர். நம்ம வாபஸ் போறதுக்கு முன்னாடியே படம் எடுத்துட்டாங்களாம். நான் சொன்ன இடத்துல புதுசா ஒரு வெளிச்சம், மங்கிக்கிட்டே வருதாம். இன்னொரு சாட்டிலைட்டும் அதே நொடியில பார்த்திருக்கு. ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் மோதியிருக்கும்னு சொல்றார்.

— அடி சக்கை! நம்ம வீட்டுப் பொண்ணுன்னா சும்மாவா! சரி சரி, இன்னொண்ணு சீக்கிரம் டைப் பண்ணும்மா. நாம ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்சதுன்னு போடு. மாமா சொல்றேன்ல?

— இங்க மாமா இல்ல, சார். கண்டுபிடிச்சது யாருன்னு இனிமே நான் சொல்லவே வேண்டாம். அதுல உங்களுக்கு எந்தப் பங்கும் இல்லைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டு உலகம் பூரா சொல்லிட்டீங்க.