முட்டை இல்லாத பத்தியம்

என் கையெழுத்து நேராக நிற்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருமத்தம்பட்டியில் பஸ் ஏறிக் கோவைக்கு வந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“எங்கூட்டுக்காரரு அவரு தொடையை அவரே தின்னுபோட்டாருன்னு டாக்டர் சொல்றாருங்க்கா.”

“என்ன அம்மணி பேச்சு இது?”

“கால்ல ஆப்ரேசன் பண்ணுனாங்கல்லங்க. முட்டை, பருப்புக் குடுத்தா சீழ் புடிக்கும்னு ஒன்றரை மாசமா வெறும் அரிசிக் கஞ்சிதான் ஊத்துனேன். புண்ணு ஆறவே இல்லீங்க.”

“எல்லாரும் அப்படித்தானே பத்தியம் வெக்கறோம்.”

“அதுதான் தப்புன்னாருங்க டாக்டர். முட்டை, பருப்புல இருக்கற புரோட்டீனை ஒடம்பு அமினோ ஆசிட்டுன்னு சின்னச் சின்னதாப் பிரிச்சு, அதை வெச்சுத்தான் புதுச் சதை நெய்யுமாங்க, நம்ம தறிக்கு நூலாட்டம். வெளியிருந்து நூல் வரலீன்னா தொடைச் சதையைப் பிரிச்சு எடுத்துக்குமாம். தொடை குச்சியாட்டம் ஆயிருச்சு. ஊட்டுல அஞ்சு கோழி முட்டை போட்டுதுங்க்கா. கேட்டுக் கேட்டுப் பார்த்தாரு. அத்தனையும் பக்கத்தூட்டுக்குக் குடுத்துப்போட்டேன்.”

“இப்பக் குடுக்கலாமல்ல?”

“காலை எடுக்கறதா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமை பார்த்துட்டுச் சொல்றேன்னாருங்க டாக்டர். நேத்து நாலு முட்டை அவிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தொட மாட்டேங்கறாரு. ‘இத்தனை நாள் நீ சொன்னபடி பொறுத்துட்டேன், புண்ணு ஆறட்டும் கண்ணு, அப்பறம் திங்கறேன்’ங்கறாரு.”

மூத்தவள் இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேட்டது ஆடியில். எழுதியது ஆவணி ஒன்பதாம் தேதி.